மாமாவின் கழுத்தில் மாலை இல்லை

18.12.98, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. போடியில் மலை தெரியாத நாள், வீட்டில் ஒரு சுவரைக் காணோம் என்பது போல இருக்கும்.

அறிவியல் பரீட்சை. கண் படம் வந்தது. பாகமெல்லாம் குறித்துவிட்டு விழித்திரையை மட்டும் விட்டிருக்கிறேன். வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது நினைவு வந்தது. இன்னும் திங்கள் கணக்கு, செவ்வாய் ச. அறிவியல். பிறகு லீவு.

செய்ய வேண்டியவை:
நட்சத்திரத்துக்குப் பல்பு
தங்கச்சி மெர்சிக்குச் சிறகு ஒட்ட (ஞாயிறு பள்ளி நாடகத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் குட்டித் தூதர்கள்)
நூலகப் புத்தகம், கெடு நேற்றே முடிந்தது
பேச்சியக்காவிடம் முறுக்கு அச்சு

அப்பா செவ்வாய்க்கிழமை மேலே போனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போவதுதான். எங்கள் கடைத் துணியை இரண்டு மூட்டையாகக் கட்டி, ஜீப்பில் ஏறி, எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் விற்றுவிட்டு வருவார். அங்கே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் டவுனுக்கு இறங்கி வந்து துணி எடுக்க லீவு கிடைக்காது. இந்த வருடம் சின்னக் கவுன்தான் நிறைய. நாளை சாயங்காலம் வந்துவிடுவார்.

எதிர் வீட்டு முருகேசன் அண்ணன் சபரிமலை மாலையைக் கழற்றிவிட்டார். சின்னமனூரில் அவருடைய சித்தப்பா இறந்துவிட்டாராம். பேச்சியக்கா அவர் மனைவி. அச்சு கேட்கப் போனபோது சொன்னது: "சொந்தத்துல சாவுன்னா கழுத்துல மாலை இருக்கக் கூடாதுத்தா. தீட்டு. இனி அடுத்த வருசந்தான்." அண்ணன் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். மாலை கிடந்த இடத்தில் மட்டும் வெளுத்த கோடு. பார்க்கவே என்னவோ போல இருந்தது.

19.12.98, சனி

மழை. தூறல் இல்லை, மழை. பசை காயவில்லை. மெர்சியின் சிறகு ஒன்று தொங்குகிறது.

அப்பா வரவில்லை.

நான்கு மணியிலிருந்து மெர்சியும் நானும் சந்து முனைக்குப் போய்ப் போய் வந்தோம். மலையிலிருந்து ஒரு ஜீப்பும் இறங்கவில்லை. அம்மா, "இந்த மழைல எறங்க மாட்டாக. யாரு வீட்டுலயாச்சும் தங்கிருப்பாக. போயிப் படி" என்றாள். சொன்னவள் தானும் இரண்டு தடவை முனைக்குப் போய் வந்தாள். ஒரு தடவை உப்பு வாங்க. உப்பு வீட்டில் இருக்கிறது.

பூத்திலிருந்து எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டாள். மணியே போகவில்லை. பூத்துக்காரர்: "லைன் அறுந்துருக்கும்க்கா. மழை விட்டாத்தான்."

கணக்குக்கு உட்கார்ந்தேன். வட்டத்தின் தேற்றம் ஒன்றை நாலு தடவை எழுதினேன். நாலும் வேறு வேறாக வந்தது.

20.12.98, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஆராதனை. அம்மா அப்பாவுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மழை நின்றிருந்தது. முடிந்து வரும்போது ஜீப் ஸ்டாண்டில் கூட்டம். அம்மா என்னையும் மெர்சியையும் பழக்கடை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனாள். ஆனால் அவர்கள் பேசியது அங்கே வரை கேட்டது.

"போடி மெட்டுக்கு மேல மண்ணு சரிஞ்சு கெடக்கு. ரோடே இல்ல."
"ஒரு ஜீப்பு உருண்டிருச்சுன்னு சொல்றாகளே."
"ஆமா, நேத்து மத்தியானம். இருந்தவகள அந்தப் பக்கமே தூக்கிட்டுப் போயிட்டாக. கேரளா ஆஸ்பத்திரிக்கு."
"எத்தன பேரு போயிட்டாக?"
"ரெண்டுங்கான் ஒருத்தன், நாலுங்கான் ஒருத்தன். யாருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக கவுனா ஏலச்செடி மேல கெடக்காம். புதுசு."

கடைசியில் பேசியவர் அம்மாவைத் தெரியாதவர். பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அம்மா அழவில்லை. திரும்பி வந்து மெர்சிக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். கேரளாப் பக்கம் வயர்லெஸ்ஸில் கேட்டிருக்கிறோம், நாளை வாருங்கள் என்றார்கள்.

சாயங்காலம் ஞாயிறு பள்ளி நிகழ்ச்சி. நான் போகவில்லை என்றேன். அம்மா, "போகலைன்னா என்ன அர்த்தம்? என்ன நடந்துச்சுன்னு போகாம இருக்க?" என்றாள். போனோம். நான்தான் பெரிய தூதன். மேய்ப்பர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். முடிந்ததும் ஞாயிறு பள்ளி ஞானம்மாள் டீச்சர் கட்டிப்பிடித்து, "என்ன பாவமா சொன்ன கிரேஸ், எல்லாரும் அழுதுட்டாக" என்றார். அவர்கள் எதற்கு அழுதார்கள் என்று எனக்குத் தெரியும்.

மெர்சி தூங்கிவிட்டாள். ஒரு சிறகோடு.

21.12.98, திங்கள்

வெயில். மலை துடைத்து வைத்தது போல இருக்கிறது. நடுவில் செம்மண் நிறத்தில் நீளமாக ஒரு கீறல். முன்பு இல்லை.

கணக்குப் பரீட்சை எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது.

பள்ளி வாசலில் அம்மா நின்றாள். "தேவாரம் போறோம். மாமாவப் பாக்க" என்றாள். எனக்கு ஒரு மாமா இருப்பது தெரியும், பார்த்ததில்லை. அம்மாவின் சொந்த அண்ணன். அம்மா (அப்போது லச்சுமி) அப்பாவைக் கல்யாணம் செய்து சபைக்கு வந்த அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் தலை முழுகிவிட்டார்கள். செத்துப்போனவர்களுக்குச் செய்வது போல. பதினான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை.

மாமாவிடம் ஜீப் இருக்கிறது. குமுளி வழியாக எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். மலையாளம் தெரியும். ஆஸ்பத்திரிகளும் தெரியும்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஞானம்மாள் டீச்சர் வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் சுருங்கியது. "சபரிமலைக்கு மாலை போட்டிருக்கவர்கிட்டப் போயா நிக்கப் போற? நம்ம ஜெபம் பத்தாதா லில்லி?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜெபத்த இங்கன இருந்தே பண்ணலாம் டீச்சர். வண்டி அவருகிட்டல்ல இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் அம்மா என்னிடம் சொன்னது: "மாலை போட்டிருக்கிறப்பத்தான் போகணும். இப்ப அண்ணன் கடுஞ்சொல் சொல்லக் கூடாது, வாசல்ல வந்து நிக்கிறவகள வெரட்டக் கூடாது. விரதம். மத்த நாளுன்னா என்னைய உள்ள விடாது." அம்மா இதை எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ. மெர்சி பேச்சியக்கா வீட்டில்.

மாமா ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் இரண்டு மாலை. அம்மாவின் மூக்கு அவருக்கும். எங்களைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"வாங்க சாமி" என்றார். என்னையும் பார்த்து, "வாங்க சாமி."

மாலை போட்டவர்கள் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பால்காரரைக்கூட. அதனால் அதில் எங்களுக்கு என்று ஒன்றும் இல்லை.

அம்மா, "அண்ணே" என்றாள். பிறகு மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அம்மா முடித்ததும் மாமாவிடம் மட்டும் சொன்னார்: "வியாழக்கெழம இருமுடி கட்டு. மறந்துராதீக. அங்கன என்ன சேதியா இருந்தாலும் நமக்குத் தீட்டுக் கெடையாது. தல முழுகி வருசம் பதினாலாச்சு. மாலையக் கழட்டுற சோலி நமக்கு இல்ல."

என் காது சுட்டது. மாமா அத்தை பக்கம் திரும்பாமலே அம்மாவிடம் கேள்வி கேட்டார். எந்த எஸ்டேட். என்ன சட்டை. யாருடைய ஜீப். உயரம். கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒடம்புல அடையாளம் ஏதும் உண்டா சாமி?"

"இடது கட்டவெரல்ல தழும்பு. கத்திரி வெட்டுனது" என்றாள் அம்மா.

அப்பாவைப் பார்த்து, நீங்கள்தானே தேவராஜ் என்று கேட்க முடியும் என்றால் தழும்பு எதற்கு. அது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போங்க சாமி. நான் போய்ப் பாக்குறேன்" என்றார் மாமா. எனக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். "சாப்பிடுங்க சாமி." நாங்கள் பஸ் ஏறுவதற்குள் அவருடைய ஜீப் கம்பம் ரோட்டில் எங்களைத் தாண்டிப் போனது.

22.12.98, செவ்வாய்

தகவல் இல்லை.

ச. அறிவியல். கடைசிப் பரீட்சை. எல்லோரும் மை தெளித்து விளையாடினார்கள். நான் பின்வழியாக வந்துவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் மூன்று பேர் இறந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெண், ஒரு ஆண். ஆணின் பெயர் தெரியவில்லை. ஜீப்பில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்று அம்மா கேட்டிருக்கிறாள். அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்பா அந்த ஜீப்பில் ஏறாமலே இருந்திருக்கலாம். மூட்டையை மட்டும் ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஏறியிருந்தாலும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தால் குதித்திருக்கலாம். ஆனால் அப்பா எப்போதும் முன்னால்தான் உட்காருவார், பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். இதை எழுதியிருக்கக் கூடாது.

அம்மா மாவு பிசைந்தாள். அதிரசம், முறுக்கு, எல்லாம் வழக்கம் போல. பேச்சியக்கா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தார். அவருக்குத் துக்கம், இந்த வருடம் அவர் வீட்டில் பலகாரம் இல்லை. "இதெல்லாம் இப்ப எதுக்கு லில்லி" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அம்மா, "வந்து கேப்பாகல்லக்கா. அவுகளுக்கு முறுக்கு இல்லாட்டி டீ எறங்காது" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அடுத்த ஈட்டைச் சுட்டார்கள்.

மூன்று மணிக்கு டீச்சரும் நாலைந்து பேரும் ஜெபிக்க வந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் ஜெபத்தில் அப்பா அப்போதே இல்லாதவராக இருந்தார். விதவை, திக்கற்ற பிள்ளைகள் என்றெல்லாம் வந்தது. மெர்சி கண்ணைத் திறந்து, "திக்கற்றன்னா யாருக்கா?" என்று கேட்டாள். நான் அவளை முற்றத்துக்குக் கூட்டிப் போய்விட்டேன்.

நானும் ஜெபித்தேன். எனக்குச் சரியாக வரவில்லை. அப்பா பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவ்வளவுதான்.

பொழுது சாயும்போது அம்மா நட்சத்திரத்தைப் போடச் சொன்னாள். புதுப் பல்பு. சிவப்புத் தாள் வழியாகச் சந்து முழுக்க வெளிச்சம். எங்கள் சபையில் துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். கட்டியிருந்தாலும் சேதி வந்ததும் முதலில் அதைத்தான் இறக்குவார்கள். ஸ்விட்சைப் போட்டபோது எனக்கு அதுதான் ஓடியது.

23.12.98, புதன்

இன்றைக்கு நான் ஒரு தப்பு செய்தேன்.

பதினோரு மணி இருக்கும். அம்மா கடைசி ஈடு முறுக்கு போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலில். சந்து முனையில் ஜீப் வந்து நின்றது. எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது. மாமா இறங்கினார். அடிபம்பு பக்கம் போனார், கால் கழுவினார், முகம் கழுவினார், மறுபடி கால் கழுவினார். வெள்ளை வேட்டி. கறுப்பு இல்லை.

துண்டால் முகத்தைத் துடைக்க நிமிர்ந்தபோது கழுத்தைப் பார்த்தேன். மாலை இல்லை. ஒன்றுகூட இல்லை. முருகேசன் அண்ணனுக்கு இருந்தது போலவே வெளுத்த கோடு.

அந்த ஒரு நொடியில் எனக்குள் இரண்டும் வந்தது. மாமா நம்மைச் சொந்தமாக ஏற்றுக்கொண்டார் என்று ஒன்று. அப்படியானால் அப்பா இல்லை என்று ஒன்று. முதலாவது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். நட்சத்திரத்தைக் கழற்றினேன். ஏன் என்றால், அவர் அந்தச் சேதியோடு இதற்குக் கீழே நுழையக் கூடாது என்று பட்டது. அம்மா அவர் வாயால் கேட்பதற்கு முன் நான் ஏதாவது செய்ய வேண்டும் என்றும் பட்டது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். என் கையில் நட்சத்திரத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால், முனையில், தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் கழுத்தைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமே இல்லை. எதிரே பேச்சியக்காதான் முதலில் மார்பில் அடித்துக்கொண்டு குரல் எடுத்தார். பிறகு சந்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. உள்ளே எண்ணெய் தீய்ந்து புகை.

மாமா ஓடி வந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்ட. "ஏலே, என்னத்துக்கு அழுகுறீக? யாரு வந்து என்ன சொன்னா?"

பேச்சியக்காவின் குரல் இன்னும் உயர்ந்தது.

"மாப்பிள உசுரோட இருக்காக. ஆத்தா லச்சுமி, இங்கன பாரு. உசுரோட இருக்காக. காலுதான் ஒடஞ்சிருக்கு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "பொய் சொல்லாதண்ணே. ஒங் கழுத்தப் பாத்துட்டேன்."

மாமா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "அது வேற கத. அப்பறம் சொல்றேன். நம்பு."

அம்மா நம்பவில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறாய் என்றாள். பக்கத்தில் நின்றவர்களும் நம்பவில்லை. ஒரு பாட்டையா, "மெல்லமாச் சொல்லுங்கப்பா" என்றார்.

மாமா படியில் அம்மாவுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தார். "சரி, கேளு. சின்னவளுக்கு எடுத்து வச்ச கவுனு மழையில போயிருச்சாம். கடையில, கல்லாவுக்குப் பின்னால, ரெண்டாவது தட்டுல, சட்டத் துணிக்கு அடியில மஞ்சக் கவுனு ஒண்ணு இருக்காம். அத எடுத்துக் குடுக்கச் சொன்னாக. அந்த வலியிலயும் அதத்தான் மொதல்ல சொன்னாக. இத நான் கனவா கண்டேன்?"

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நாலு நாளுக்கும் சேர்த்து.

மெர்சி, "மஞ்சளா?" என்றாள்.

அப்பா இரண்டு நாள் நினைவில்லாமல் இருந்ததால் பெயர் சொல்ல ஆள் இல்லையாம். எங்கள் பூத்து நம்பரை மாமாவிடம் கொடுக்க நாங்கள் மறந்திருக்கிறோம், அதனால்தான் நேரே ஓட்டி வந்தார்.

நட்சத்திரத்தை மறுபடி முருகேசன் அண்ணன் கட்டிக் கொடுத்தார். ஒரு முனை கிழிந்துவிட்டது. அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

24.12.98, வியாழன்

விடியலில் கிளம்பினோம். அம்மா, மெர்சி, நான், ஒரு தூக்கு முறுக்கு. மெட்டு ரோடு இன்னும் அடைத்துக் கிடப்பதால் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று சுற்றி. ரோடு முழுக்க ஐயப்பசாமி வேன்கள். மாமா ஒவ்வொரு வேனுக்கும் ஒதுங்கி வழி விட்டார்.

லோயர் கேம்ப்பில் டீ. மலையிலிருந்து பெரிய குழாய்கள் இறங்குகிற இடம். அம்மா ஜீப்புக்குள்ளேயே இருந்தாள். மெர்சி குரங்கு பார்க்கப் போனாள். நான் பின்சீட்டில் தூங்குவது போல. அம்மா கேட்டாள்: "இப்பச் சொல்லு. மாலைய ஏன் கழட்டுன?"

மாமா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு ஆஸ்பத்திரியில இல்லன்னுட்டாக. மூணாவதுல, பேர் தெரியாத ஒருத்தரு மார்ச்சுவரில இருக்காரு, நாப்பது வயசு, பாத்துச் சொல்லுங்கன்னாக. மாலையோட பொணத்துக்கிட்டப் போகப்படாது. வெளிய ரொம்ப நேரம் நின்னேன். வேற யாரையாச்சும் விட்டுப் பாக்கச் சொல்லலாமான்னு யோசிச்சேன். தழும்பு அவனுக்குத் தெரியுமா? இல்லன்னா ஒன்னயக் கூட்டியாந்து காட்டணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. பக்கத்துல ஒரு கோயில் இருந்துச்சு. குளிச்சு, கழட்டி, அங்கன படத்துக்கு முன்னால வச்சுட்டு உள்ள போனேன். கட்டவெரலப் பாத்தேன். தழும்பு இல்ல."

"அண்ணே."

"அதுக்கு அடுத்த ஆஸ்பத்திரியில மாப்பிள கட்டில்ல படுத்துக்கிட்டு கஞ்சி வேணாங்கறாரு."

அம்மா, "பதினெட்டாம் வருசமாமே இது. அண்ணி சொல்லலையே, பேச்சியக்காதான் விசாரிச்சுச் சொன்னாக. பதினெட்டுக்கு மலையில நடணும்னு தென்னங்கன்னு எல்லாம் வாங்கி வச்சிருந்தியாமே. போச்சேண்ணே" என்றாள்.

"போகட்டும். சாமி அங்கனயேதான் இருக்கும்."

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். நான் பார்த்தது வெறும் கழுத்து. அதிலிருந்து எவ்வளவு படித்துவிட்டேன், எல்லாம் தப்பாக.

அப்பா இளைத்திருக்கிறார். வலது கால் முழுக்கக் கட்டு, தோளிலும் கட்டு. நெற்றியில் ஏழெட்டுத் தையல். எங்களைப் பார்த்ததும் சிரித்தார், பிறகு உதடு கோணியது. மெர்சி கிட்டே போகப் பயந்து அம்மா சேலைக்குள் ஒளிந்தாள். நானும் பயந்தேன். தொட்டால் ஏதாவது ஆகிவிடும் போல. அம்மா போய் அவருடைய இடது கையை எடுத்து, விரலைத் தடவிப் பார்த்தாள். எதற்கு என்று அப்பாவுக்குத் தெரியாது.

"முறுக்கு கொண்டாந்தியா?" என்றார்.

டாக்டர் இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்கிறார். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. அதனால் கிறிஸ்துமஸ் இங்கேதான்.

அந்த இன்னொருவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. தழும்பு இல்லாதவர். மாமா மறுபடி விசாரித்தார், யாரும் வரவில்லையாம். அவர் வீட்டிலும் சந்து முனைக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வாசலில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நாங்கள் சந்தோஷப்பட்டது அவர் அப்பாவாக இல்லாததற்கு. அதை எந்த ஜெபத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சும்மா, அவருக்காகவும் என்று சேர்த்துக்கொண்டேன்.

25.12.98, வெள்ளி

பனி. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. இங்கே எல்லாக் கடையிலும் நட்சத்திரம் தொங்குகிறது, பனிக்குள் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, எது எந்தக் கடை என்று தெரியவில்லை.

காலையில் அப்பாவுக்குக் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. கட்டில் சத்தமிட்டது. நர்ஸ் ஓடி வந்தார். ஊசி. நாங்கள் வராந்தாவில் நின்றோம். அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், தெரியாமலே. அரை மணிக்குப் பிறகு வியர்த்து அடங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நேற்று நினைத்தது எவ்வளவு சீக்கிரம்.

நர்ஸுகள் வார்டு வார்டாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். மலையாளத்தில். ராகம் தெரிந்ததால் அம்மா கூடவே தமிழில் பாடினாள். அப்பா உதட்டை மட்டும் அசைத்தார். கேக் சின்னச் சின்னத் துண்டு. மெர்சி மஞ்சள் கவுனில் அப்பா கண்ணுக்கு நேராகச் சுற்றிச் சுற்றி நின்றாள்.

மாமா கதவுக்கு வெளியேதான் நின்றார். அப்பா கூப்பிட்டதும் உள்ளே வந்தார். அப்பா, "ஒக்காருங்க மச்சான்" என்றார். மாமா, "இருக்கட்டும் மாப்பிள" என்றார். பிறகு ரோடு எப்படி இருக்கிறது, ஏலக்காய் என்ன விலை போகிறது என்று பேசினார்கள். பதினான்கு வருடத்தில் முதல் பேச்சு ஏலக்காய்.

அத்தை ஒரு ஆள் மூலம் சேதி அனுப்பியிருக்கிறார். திட்டு இல்லை. மாமாவுக்கு மாற்று வேட்டி, ஒரு டப்பாவில் எள்ளுருண்டை. எள்ளுருண்டை மாமாவுக்குப் பிடிக்காது என்றார். அம்மாவுக்குத்தான் பிடிக்கும்.

மத்தியானம் ரோட்டில் சரண கோஷத்தோடு மூன்று வேன் போனது. மாமா ஜன்னல் பக்கம் போய்க் கடைசி வேன் மறையும் வரை நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாமா, நன்றி சொல்லலாமா. இரண்டும் அவருக்குச் சின்னதாக இருந்தது.

அவரே திரும்பினார். என்னை என்னவோ சொல்லிக் கூப்பிட வந்து, நிறுத்தினார். தாடியைச் சொறிந்தார்.

"ஒம் பேரென்ன ஆத்தா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குச் சாமி என்றார், அதற்குப் பிறகு ஏ புள்ள என்றார். எனக்காகப் பிணத்தின் விரலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு என் பேர் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

"கிரேஸ், மாமா."

"கிரேசு" என்று சொல்லிப் பார்த்தார். "சின்னது?"

"மெர்சி."

"எல்லாம் இங்கிலீசாவே வச்சிருக்கீக. எந் நாக்குக்கு வேல." அம்மா பின்னால் சிரித்தாள். அப்பாவும் சிரிக்கப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இதை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார், உடம்பு சுடவில்லை, இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். மாமா ஃபிளாஸ்க்கோடு கீழே இறங்கிப் போனார், டீ வாங்க. கூட யாராவது வந்தால் டம்ளர் பிடிக்கலாம். பனிக்குள் நின்றுகொண்டு கூப்பிடுகிறார். ஆள் தெரியவில்லை. என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.